கொல்லப்படாத ஜார்விஸ்

"உங்க ஜார்விஸைக் கொன்னாச்சா?" என்று ஜெரால்டீன் என் கணவரிடம் கேட்டபோது என் வாய் நிறைய முட்டை சாண்ட்விச். இல்லாவிட்டால் அங்கேயே ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஹாக்ஸ்தோர்ப் ஊர்ச் சமூகக் கூடத்தில் கெல்டர்பி சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கெல்டர்பி என்பது எங்கள் குடும்பப்பெயர். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் இந்தச் சதுப்பு நிலத்து ஊர்களைத் தாண்டினால் அப்படி ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் உலகத்தில் எங்கெங்கோ கிடந்து, ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, சங்கம் வைத்து, பழைய பதிவேடுகளில் பாட்டன் பூட்டன்களைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் கெல்டர்பி என்பதால் அங்கே குடும்பப்பெயருக்கு மதிப்பே கிடையாது. கிரிம்ஸ்பி பீட்டர், டொராண்டோ பீட்டர், பல்செட்டு பீட்டர் என்றுதான் ஆட்களை அடையாளம் சொல்வார்கள். நான் 'ரோலண்டோட ஏவ்ரில்'. ஜெரால்டீனுக்கு மட்டும் எந்த ஒட்டும் தேவையில்லை. அவள் சங்கத்தின் செயலாளர், வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது ஆபீஸ் மட்டும்தான், அவள் இல்லை.

'கொல்வது' என்பது இவர்களுடைய பாஷை. ஒரு முன்னோருடைய ஞானஸ்நானத்தைத் தேவாலயப் பதிவேட்டில் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதா, இல்லை தொட்டிலிலேயே போய்விட்டதா என்று அடக்கப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். எந்த ஊரில், எந்தத் தேதியில் புதைத்தார்கள் என்று எழுதிவிட்டால் ஆளைக் கொன்றாயிற்று. அதன் பிறகுதான் அவருக்குச் சங்கத்தின் வம்சாவளியில் இடம். கேக்கைக் கடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே இதைக் கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாளே என்று ஒரு பிரகிருதிக்கும் தோன்றாது.

"பாத்துக்கிட்டிருக்கேன், ஜெரால்டீன்" என்றார் ரோலண்ட்.

"போன வருஷமும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. உங்க கிளையில ஒருத்தருக்குக்கூட அடக்கத் தேதி இல்ல. என்ன, எல்லாரும் சாகா வரம் வாங்கிட்டு வந்தவங்களா?"

பல்செட்டு பீட்டர் சிரித்தார். ரோலண்ட் தன் டீயைப் பார்த்தார்.

"செப்டம்பர்ல புத்தகம் அச்சுக்குப் போகுது" என்றாள் அவள். "ஜார்விஸ் நிரூபணமானா உங்க கிளை முன்னாடி, பெரிய மரத்தோட சேந்து வரும். இல்லன்னா கடைசியில, ஒட்டாத கிளைகள்ல போட்டுடுவேன். எனக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு கிடையாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒரு சங்கத்துப் புத்தகத்தில் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். அந்தப் புத்தகத்தில் எங்கள் மகன் கேவின் வருகிறான்.

கேவின் இருபத்தாறு வயதில் போனான். வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து நண்பர்களோடு உள்ளரங்கில் பந்து விளையாடப் போனவன், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு முன் ஒரு நாள் தலைவலி என்று படுத்தவன் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. ரோலண்டும் அவர் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. இறப்பைப் பதிவு செய்ய அலுவலகத்துக்கு நான்தான் உள்ளே போனேன். ரோலண்ட் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தேதியை அவர் வாயால் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை. நினைவு நாள் வந்தால் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார், புல் வெட்டுவார், மழை பெய்தாலும் வெட்டுவார்.

முதல் வருடம் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள், சுவரில் ஒட்டும் காகிதச் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு அறையில் தொங்கிய என் அம்மாவின் படத்தைக் கழற்றிவிட்டு, காகிதத்தின் பின்பக்கம் தெரிகிற மாதிரி உத்தரத்திலிருந்து தரைவரைக்கும் ஒட்டினார். அடியில், முழங்கால் உயரத்தில், கேவின் பெயரை ஒரு கட்டத்துக்குள் எழுதினார்.

"என்ன பண்ற நீ?" என்றேன்.

"முன்னாடி போறதுக்கு வழியில்ல. பின்னாடியாவது எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற என்னை விட்டுவிட்டு, செத்துப்போனவர்களோடு குடித்தனம் நடத்தக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் சாப்பிட ஆரம்பித்தார். ராத்திரி தூங்க ஆரம்பித்தார். ஆவணக் காப்பகத்திலிருந்து வந்ததும் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சரி, பைத்தியத்துக்கு இதுதான் வைத்தியம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பதிவேடுகளைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டால், இந்த நாட்டில் யாராவது தன் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்திருப்பதே அதிசயம். சில பாதிரிமார்கள் அன்றன்றைக்கு எழுதாமல், வருடக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவார்களாம். ஹாக்ஸ்தோர்ப்பில் ஒருவர் ஆறு வருடத்துக்கு எதையுமே எழுதவில்லை. பக்கத்து ஊரில் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி ஒரு தலைமுறையே அழிந்துபோயிருந்தது. கல்யாணப் பதிவுகளில் மாப்பிள்ளை பெண் பெயர் மட்டும்தான் இருக்கும், பெற்றவர்கள் யார் என்று ஒரு வார்த்தை இருக்காது. அதனால் ஒரு ஊரில் கல்யாணம் செய்தவன்தான் இன்னொரு ஊரில் பிறந்தவன் என்பதற்குப் பெயரும் வயதும் ஒத்துவருவதைத் தவிர எந்தச் சாட்சியும் கிடையாது.

ஒரு நாள் சாப்பிடும்போது, ஹாக்ஸ்தோர்ப்பில் வில்லியம் கெல்டர்பிக்கும் சாராவுக்கும் 1740 ஜூனில் கல்யாணம், அவர்கள் பிள்ளை ஜார்விஸுக்கு 1740 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்று படித்துக் காட்டினார்.

"அடப்பாவி, அவசரக்காரப் பரம்பரையா இருக்கே" என்றேன்.

"அந்தக் காலத்துல வருஷம் மார்ச் மாசக் கடைசியிலதான் பொறக்கும், கிழவி. ஜூனுக்கு அப்புறம்தான் அந்த பிப்ரவரி. எட்டு மாசம் ஆகியிருக்கு."

"எட்டு மாசமும் அவசரம்தான்."

கேவின் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதனாலேயே ஜார்விஸ் எனக்குப் பிடித்துப்போனான்.

எங்கள் கிளை முழுதும் அந்த ஜார்விஸில்தான் தொங்கியது. கேவினிலிருந்து பின்னோக்கிப் போனால், ஹார்ன்காசில் என்ற பக்கத்து ஊரில் 1766இல் கல்யாணம் செய்துகொண்ட ஜார்விஸ் கெல்டர்பி என்ற கூலிக்காரன் வரைக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போய்விடலாம். கையெழுத்துத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டவன். ஏழு பிள்ளைகள் பெற்றவன். மறுபக்கம், ஹாக்ஸ்தோர்ப் வில்லியமிலிருந்து மேலே போனால், முதல் எலிசபெத் ராணி காலம் வரைக்கும் ஜெரால்டீனே நிரூபித்துவைத்த பெரிய மரம். வில்லியமின் மகன் ஜார்விஸும் ஹார்ன்காசில் ஜார்விஸும் ஒருவன்தான் என்றால், சுவரின் அடியில் இருக்கிற என் பிள்ளை நானூறு வருட மரத்தின் ஒரு கிளை. கெல்டர்பியே அபூர்வம். அதிலும் ஜார்விஸ். வயதும் இருபத்தைந்து, கணக்காக ஒத்துவருகிறது. வேறு யாராக இருக்க முடியும்? அந்தக் கோட்டை இழுத்த அன்றைக்கு ரோலண்ட் எனக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்தார். கேவின் இனிமேல் தனியாக இல்லை என்று சொன்னார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஹாக்ஸ்தோர்ப்பிலிருந்து திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். ரோலண்டுக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது.

"அவ கேக்கறது நியாயம்தானே? ஏன் பாக்க மாட்டேங்கற?" என்றேன்.

"கண்ணு தெரியலையே."

"ஞானஸ்நானம் பாக்கறப்ப மட்டும் தெரிஞ்சுதா? எலி தின்ன பக்கத்துலயெல்லாம் படிச்சியே?"

"வேகமா போகாத. முன்னாடி டிராக்டர் போகுது."

வேலையில் இருந்த காலத்தில் பஸ் கம்பெனிக்கு நேர அட்டவணை போட்டுக்கொடுத்தவர் இவர். ஒரு நிமிடம் தப்பினால் ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் பதிவேட்டில் ஒரு பாதியைத் திறக்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அடக்கம் என்ற தலைப்பைப் பார்த்தாலே அவருக்கு மூச்சு முட்டும். அதைச் சொல்லிக் குத்திக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஜூலையில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரத்துக்கு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணில் மூடியைக் கட்டிக்கொண்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். ஜெரால்டீன் கேட்கிற தேதிகளையெல்லாம் தேடி எடுத்து, அவள் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கைப்பையை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, பென்சில் மட்டும் கொடுத்தார்கள். பதிவேடுகளைப் படம் பிடித்துவைத்த மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டுவதற்கு அங்கே வேலை செய்யும் பெண் சொல்லித்தந்தாள். சமீபத்து ஆட்களிலிருந்து ஆரம்பித்தேன். ரோலண்டின் முப்பாட்டனார், அவர் அப்பா, அவருக்கும் அப்பா. ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். சொன்னால் வெட்கம், எனக்கு அதில் ஒரு குஷி வந்துவிட்டது. எண்பது வயது, எழுபத்திரண்டு வயது என்று நன்றாக வாழ்ந்து போனவர்களாக இருந்தார்கள். மத்தியானத்துக்குள் ஹார்ன்காசில் ஜார்விஸையும் கிழவனாகப் புதைத்துவிட்டேன்.

பாக்கி ஒன்றுதான். ஹாக்ஸ்தோர்ப்பில் பிறந்த ஜார்விஸ் சிறு வயதில் சாகவில்லை என்று காட்ட வேண்டும். இல்லாத ஒன்றைத் தேடுவதுதானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று அந்தச் சுருளை மாட்டினேன். 1741 நவம்பர். ஒரே வரி. ஜார்விஸ், வில்லியம் கெல்டர்பியின் மகன், கைக்குழந்தை.

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். பிறகு, அந்தக் காலத்தில் ஒரு குழந்தை போனால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பார்கள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. அப்படி இன்னொரு ஜார்விஸ் இருப்பான் என்று ஞானஸ்நானங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வேறு கெல்டர்பிகள் வந்தார்கள். வில்லியமுக்கும் சாராவுக்கும் பிள்ளை என்று ஒருவர்கூட வரவில்லை.

அந்த இருட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பூ உதிர்கிற மாதிரி போயிருக்கும் அந்தக் குழந்தைக்காகவும் அழுதேன். என் பிள்ளையை அந்த மரத்திலிருந்து வெட்டி எடுத்துப் பின்பக்கத்தில் எறியப்போகிறார்களே என்றும் அழுதேன். காப்பகத்துப் பெண் சத்தம் போடாமல் காகிதக் கைக்குட்டை கொண்டுவந்து வைத்தாள். அங்கே இது வழக்கம்தான் போலிருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் ஜெரால்டீன் விடுகிற ஜன்மம் இல்லை. அவளே போய்ப் பார்த்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும், கையில் கேக்கை வைத்துக்கொண்டு ரோலண்டிடம் சொல்வாள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

மறுநாள் காலை டோஸ்ட்டுக்கு மர்மலேடு தடவிக்கொண்டிருந்தார்.

"ரோலண்ட், நேத்து நான் கடைக்குப் போகல."

"தெரியும். கடைக்குப் போனவ வெறுங்கையோட திரும்பி வந்தா, குருடனுக்குக்கூடத் தெரியும்."

"காப்பகத்துக்குப் போனேன். ஜார்விஸ் விஷயமா..."

"நவம்பர்" என்றார் அவர்.

அவர் டோஸ்ட்டின் ஓரம்வரைக்கும் சீராகத் தடவி முடித்துவிட்டுக் கத்தியை வைத்தார்.

"எப்ப பாத்த?"

"தேட ஆரம்பிச்ச மொதல் வருஷமே."

"அப்புறம் எதுக்கு அந்தக் கோட்டைப் போட்ட?"

மூடி கட்டாத கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு அந்த ஒண்ணுதான், ஏவ்ரில். முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நான் கடைசிவரைக்கும் தேடிப் பாத்தேன். வில்லியம் கிழவனாகித்தான் செத்தான். அவ இன்னும் நெறைய நாள் இருந்தா. அந்த வீட்டுல அவங்க ரெண்டு பேர் மட்டும். அன்னிக்குக் காப்பகத்தை மூடற நேரம். அந்த வரியை எழுதிக்கணும்னு பென்சிலை எடுத்தேன். கை ஓடல. நான் எழுதினாதான் அவன் செத்தான்னு ஆகும்போல இருந்துச்சு. அப்படியே எழுந்து வந்துட்டேன்."

"சரி."

"மறுநாள் ஹார்ன்காசில்ல நம்ம கிளை ஜார்விஸ் கல்யாணம் பண்ணிக்கிட்டதைப் பாத்தேன். வயசு சரியா வந்துச்சு. வேற யாரோ பெத்த பிள்ளையோட கல்யாணம்தான். எடுத்து அந்தக் குழந்தைக்குப் பண்ணி வச்சுட்டேன்." டோஸ்ட்டைத் தள்ளி வைத்தார். "ஏழு பிள்ளைங்க, ஏவ்ரில். அவனுக்கு ஏழு."

அந்த நேரத்தில் எழுந்து போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு. அந்தக் கல்யாணம் பண்ணிக்கிட்டவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா இல்ல? அவளும் பத்து மாசம் சுமந்துதானே பெத்திருப்பா? அவ பிள்ளையைத் தூக்கி இன்னொருத்தி மடியில போட்டுட்டியே. நம்ம கேவினை யாராவது அப்படித் தூக்கி வேற யாருக்காவது எழுதிக் குடுத்தா நான் சும்மா இருப்பேனா?"

"அவளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"யாரை?"

"அவன் அம்மாவை. இத்தன வருஷமா நான் காப்பகத்துக்கு வேற எதுக்குப் போனேன்னு நினைச்ச? சுத்தியிருக்கற ஊர் எல்லாத்துலயும் பாத்துட்டேன். வருஷா வருஷம் பதிவேட்டை நகலெடுத்து பிஷப்புக்கு அனுப்புவாங்க, அதுலயும் பாத்துட்டேன். எங்கயும் அவ பேரு இல்ல. தண்ணி எறங்கி அழிஞ்சுபோன பக்கத்துல இருந்திருக்கலாம். கல்யாணம் ஆகாம பெத்திருக்கலாம். ஞானஸ்நானமே பண்ணாம விட்டிருக்கலாம். கெடைச்சா கோட்டை அழிச்சுட்டு மாத்திப் போட்டுடலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவன் செத்துடுவான்."

எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அறுவை செய்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழாத, அழாத, கண்ணு போயிடும் என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். டோஸ்ட் ஆறி அட்டையாகிவிட்டது.

ஜெரால்டீனுக்கு அவரே போன் செய்தார். நான் கதவோரத்தில் நின்று கேட்டேன். ஹாக்ஸ்தோர்ப் ஜார்விஸ் கைக்குழந்தையாகவே போய்விட்டான், எங்கள் ஆள் வேறு, பெற்றவர்கள் யாரென்று தெரியவில்லை என்று அலுவலகத்துக்குத் தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு அவள் வருத்தம் தெரிவித்தாள் போலிருக்கிறது, ரோலண்ட் பரவாயில்லை என்றார். பின்னாடிப் பகுதியிலேயே போட்டுவிடுங்கள் என்றார்.

"ஒரே ஒரு உதவி" என்றார் கடைசியில். "வில்லியம், சாரா பேருக்குக் கீழ அந்தக் குழந்தை பேரைப் போடணும்."

அவள் சத்தம் எனக்கே கேட்டது. குழந்தையாகச் செத்ததையெல்லாம் போட ஆரம்பித்தால் புத்தகம் இரண்டு மடங்காகிவிடும், சங்கத்தில் அப்படி வழக்கம் இல்லை, ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்.

"வழக்கம் இல்லதான்" என்றார் ரோலண்ட். "ஆனா அவங்களுக்கு வேற யாரும் இல்ல, ஜெரால்டீன்."

போனை வைத்ததும் சாப்பாட்டு அறைக்குப் போனார். சுவரில் வில்லியமுக்கும் ஹார்ன்காசில் ஜார்விஸுக்கும் நடுவே கத்தரிக்கோலை வைத்துக் காகிதத்தைக் குறுக்காக வெட்டினார். மேல்பாதியைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரிக்குள் வைத்தார். மீதி சுவரில் இருந்தது. உத்தரத்திலிருந்து பாதிவரைக்கும் வெறும் பசைக் கறை தெரிந்தது. அதன் மேல் எதையாவது மாட்டு என்று நானும் சொல்லவில்லை, அவரும் மாட்டவில்லை.

அடுத்த வருடக் கூட்டத்தில் புத்தகம் கொடுத்தார்கள். நீல அட்டை, நல்ல கனம். கூடத்தில் அத்தனை பேரும் தலையைக் குனிந்து அவரவர் பக்கத்தைத் தேடினார்கள். தன் பிறந்த வருடத்தைத் தப்பாகப் போட்டுவிட்டதாகக் கிரிம்ஸ்பி பீட்டர் சண்டைக்கு நின்றார். ஜெரால்டீன் எங்களிடம் வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ரோலண்டின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரோலண்ட் முன்பக்கத்தைத்தான் திறந்தார். வில்லியம், சாரா. அவர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில், ஜார்விஸ், ஒன்பது மாதம். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டார். புதுக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பகுதிக்குப் போனேன். எங்கள் கிளைக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். முதல் வரியில் ஹார்ன்காசில் ஜார்விஸ், பெற்றோர் தெரியவில்லை. அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அடக்கத் தேதி இருந்தது. நான் தேடிக் கொடுத்த தேதிகள். கடைசி வரியில் கேவின்.

"அவன் பேரு இருக்கா?" என்றார் ரோலண்ட். பக்கத்தை அவர் பார்க்கவில்லை. எதிரே டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு."

"தேதியைச் சரியாப் போட்டிருக்காளா?"

"சரியாத்தான் போட்டிருக்கா."

கிரிம்ஸ்பி பீட்டரின் சண்டை இன்னும் முடியவில்லை.

"சத்தமா படி, ஏவ்ரில்" என்றார். "ரெண்டு தேதியும் படி."

படித்தேன்.